மின் கட்டணச் சுமை யார் தலையில்?

புது தில்லி: மத்தியப் பல்கலைக்கழக வளாகங்களின் பழைய மின்கம்பிகள், மின்மாற்றிகள், குடிநீர்க் குழாய்களை மாற்ற வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அச்செலவை ஏற்பது யார் என்பதில்தான் சர்ச்சை.

கட்டமைப்புச் செலவுக்கு முன்பு மானியமே வழி. கனரா வங்கியுடன் சேர்ந்து மத்திய அரசு 2017-ல் அமைத்த உயர்கல்வி நிதி முகமை, மானியத்தின் இடத்தில் பத்தாண்டுக் கடனைக் கொண்டுவந்தது. நான்கு ஆண்டுகளில் ரூ. 1 லட்சம் கோடி முதலீடு என 2018 பட்ஜெட்டில் அறிவிப்பும் வெளியானது.

கடனுக்கான வட்டியை அரசு ஏற்கும். அசலில் 10 சதவீதத்தை, 2014-க்கு முன் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகங்கள் சொந்த வருவாயிலிருந்து செலுத்த வேண்டும். பத்தாண்டுகளைக் கடந்த தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கோ முழு அசலும் பொறுப்பு. சொந்த வருவாய் என்றால் அதில் மாணவர் கட்டணமும் அடக்கம். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

2019-ல் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இதற்கு முன்னோட்டம் காட்டியது. அது கடனால் வந்த பிரச்னை அல்ல. அன்றாடச் செலவால் வந்தது. மின்சாரம், குடிநீர், ஒப்பந்த ஊழியர் ஊதியம் ஆகியவற்றால் ஆண்டுக்கு ரூ. 45 கோடிக்கு மேல் பற்றாக்குறை என்றது நிர்வாகம். விடுதி மாணவர்களுக்கு மாதம் ரூ. 1,700 சேவைக் கட்டணமும், மின்சாரம், தண்ணீருக்குத் தனிக் கட்டணமும் விதிக்க முற்பட்டது. நவம்பர் 18-ல் மாணவர்கள் நாடாளுமன்றத்தை நோக்கிப் பேரணி சென்றனர், போலீஸார் தடுத்தனர்.

கட்டணம் வசூலிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரிய வளாகங்கள் உயரழுத்த மின்சாரத்தை ஓரிடத்தில் பெற்று, தாமே பகிர்ந்தளிப்பது வழக்கம். கட்டடந்தோறும் மீட்டர் இல்லையேல், எந்தத் துறை எவ்வளவு செலவிடுகிறது, பழைய பம்புகளும் மின்மாற்றிகளும் எவ்வளவு விழுங்குகின்றன என்பது தெரியாது. அந்த இழப்பையும் சேர்த்து மாணவரிடம் வசூலிப்பது நியாயமாகாது.

தனியார் நிறுவனமே செலவு செய்து கூரையில் சூரிய மின்தகடுகளை அமைத்து, நீண்டகால ஒப்பந்தத்தில் யூனிட் கணக்கில் மின்சாரம் விற்கும் முறை ஓரளவு உதவும். ஆனால், ஒழுகும் குழாயை அது அடைக்காது.

புதிய விடுதிக் கட்டடம் செலவை மிச்சப்படுத்தாது. புதிய பம்பும் மின்மாற்றியும் மிச்சப்படுத்தும். அந்தச் சேமிப்பே தவணையை அடைக்கும் வகையில் கடன் அமைந்தால் மாணவர் மீது சுமை ஏறாது. கல்வி அமைச்சக மானியக் கோரிக்கையை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழு, ஒவ்வொரு வளாகமும் சேமித்த யூனிட் எவ்வளவு என்று கேட்கத் தொடங்கலாம். கணக்கு வரட்டும், பிறகு கட்டணத்தைப் பேசலாம்.