பாட்டு நம்முடையது, முத்திரை யாருடையது?

விருத்தாசலத்தில் மேதினக் கூட்ட ஏற்பாட்டுக்காகக் கூடியிருந்தோம். அப்போது ஒரு கோரிக்கை வந்தது. பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் பறையும் சட்டியும் இரண்டு கிதார்களும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக் குழு நடத்துகிறார்கள். "மேடையில் எங்களுக்கு அரைமணி நேரம் கொடுங்கள்" என்றார்கள். பணம் கேட்கவில்லை, சால்வை கேட்கவில்லை.

கொடுப்பதா, வேண்டாமா? இதற்கு இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. முடிவு எடுக்காமலே கலைந்தோம். அந்தப் பிள்ளைகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே நாமும் ஒளிவுமறைவின்றி இங்கே எழுதுகிறோம்.

எதிர்த்த தோழர்கள் சொன்ன வாதங்கள் மூன்று. ஒன்று: அது பாட்டே அல்ல, சத்தம், மேல்நாட்டுக் குப்பை. இரண்டு: சாதியைப் பற்றிப் பாடுகிறார்கள், தொழிலாளர் ஒற்றுமை கெட்டுவிடும். மூன்று: இந்தக் கோபமெல்லாம் கம்பெனிக்காரன் விற்கிற சரக்கு. முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

முதலில் 'சத்தம்' என்ற வாதம். இங்கிலாந்தில் 1970களின் நடுவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. பள்ளியை விட்டு வெளியே வந்த பிள்ளைக்கு வேலை இல்லை. கிடைத்த வேலைக்கு மதிப்பில்லை. அந்தத் தெருக்களிலிருந்து எழுந்ததுதான் 'பங்க்' என்ற பாட்டு. சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. பழைய கிதாரும், இரண்டு மூன்று சுரக்கட்டும், சொல்வதற்கு ஒரு விஷயமும் இருந்தால் போதும். லண்டனில் 'கிளாஷ்' என்ற குழு 1977 ஏப்ரலில் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. வேலையில்லாதவனின் எரிச்சல் அதில் பாட்டாயிற்று. 1976 ஆகஸ்டில் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலிலிருந்தும் ஒரு பாட்டுப் பிறந்தது. இதைத் தேனில் தோய்த்த குரலிலா பாட முடியும்?

இன்னொன்றும் கேளுங்கள். அமெரிக்காவில் அதே கம்பெனி, 'இது ரேடியோவுக்கு ஆகாது' என்று சொல்லி 1979 வரை அந்தத் தட்டை வெளியிடவில்லை. அதற்குள் இறக்குமதியான தட்டுகளே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டன! 'சத்தம்' என்று முதலில் சொன்னவன் கம்பெனிக்காரன், தோழர்களே! அவன் சொன்னதையா நாமும் சொல்வது?

நம் நாட்டுக்கு வருவோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதன்முதலாக மேடை ஏறியது. 19 பேர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் எழுப்பிய 'சாதியற்ற தமிழர்' என்ற குரலிலிருந்து பெயர் எடுத்தார்கள். கானா, ராப், ராக். பறை, சட்டி, மேளம், கிதார். எல்லாம் ஒரே மேடையில். மாட்டுக்கறியைப் பாடினார்கள்; இடஒதுக்கீட்டைப் பாடினார்கள். சாவு வீட்டு வாசலோடு நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட பறை, கீழ்ப்பாக்கத்து மேடையில் நடுநாயகமாக நின்றது. அது மேல்நாட்டுக் குப்பையா? வடசென்னையின் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் வளர்ந்த கானா எந்த மேல்நாட்டிலிருந்து வந்தது?

மார்கழியில் சபாவில் பாடினால் சங்கீதம், சேரியில் பாடினால் சத்தம் என்பது யார் வகுத்த இலக்கணம்? அந்த இலக்கணத்துக்குப் பதிலாகத்தான் நீலம் அமைப்பினர் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கினார்கள். அன்று மேடை ஏறிய 19 பேரில் பெண் இசைவாணி ஒருவர்தான் என்று குறை சொன்னார் ஒரு தோழர். குறைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் சங்க நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள் என்று எண்ணிவிட்டு அந்தக் குறையைச் சொல்வோம்.

இரண்டாவது, ஒற்றுமை கெடும் என்ற வாதம். இதைக் கேட்டபோதுதான் நமக்கு உண்மையில் வருத்தமாக இருந்தது. சாதியைப் பற்றிப் பாடினால் ஒற்றுமை கெடுமாம்! ஊர் வேறு, காலனி வேறு என்று இருக்கும்போது கெடாத ஒற்றுமை, சுடுகாட்டுக்குப் பாதை தனி என்னும்போது கெடாத ஒற்றுமை, அதைப் பற்றி ஒரு பாட்டுப் பாடியவுடன் கெட்டுவிடுமா? புண்ணைக் காட்டினவன்மேல் பழி. புண்ணுக்குப் பழி இல்லையா?

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூலி நெல். அவர்கள் வாழ்ந்தது சேரி. கொளுத்தியவன் கூலியை வேறாகவும் சாதியை வேறாகவும் பார்த்தானா? இரண்டையும் ஒன்றாகப் பார்த்துத்தானே தீ வைத்தான்! அவனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போகலாமா? வயலில் ஒன்றாகக் குனிந்து, சூளையில் ஒரே தூசியை விழுங்கி, மாலையில் வேறு வேறு தெருவுக்குப் போகிற ஒற்றுமை அரை ஒற்றுமைதான். மறு பாதியை அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

மூன்றாவது, கோபம் விலைபோகும் என்ற வாதம். இது உண்மை. மறைக்க வேண்டாம்.

கிளாஷ் குழுவை 1977 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனி ஒரு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்தது. முதல் தட்டிலிருந்த ஒரு பாட்டை, குழுவைக் கேட்காமலே தனித் தட்டாக வெளியிட்டது. கோபம் கொண்ட குழு கம்பெனியைச் சாடியே ஒரு பாட்டுக் கட்டியது. அந்தப் பாட்டை வெளியிட்டு விற்றது யார்? அதே கம்பெனிதான்! முதலாளியைத் திட்டினால் அந்தத் திட்டையும் தட்டில் பதித்து விற்பான் முதலாளி. அவனுக்கு வேண்டியது லாபம். வார்த்தை எதுவானால் என்ன?

நம் பக்கத்திலும் பாருங்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் கதையை வைத்து 'எஞ்சாயி எஞ்சாமி' எழுதினார். 2021 மார்ச்சில் வந்த அந்தப் பாட்டை உலகமே கேட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பின் அட்டையில் எழுதியவர் படமே இல்லை. கண்டனம் எழுந்த பிறகுதான் அவருக்கு இணையத்தில் தனி அட்டை வந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தமக்கோ அறிவுக்கோ தீக்கோ ஒரு காசும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நிலமில்லாதவளின் கதை, அதைப் பாடிய பேரனுக்குப் பாட்டிலும் பங்கு வந்து சேரவில்லை!

விருத்தாசலத்துத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுமா? மண்ணைப் பிசைவது நாம். அச்சில் வார்ப்பது நாம். சூளையில் வேகுவது பொம்மையும் நாமும். கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் இருப்பது யார் முத்திரை? பாட்டின் கதையும் அதுவே.

அதற்காகப் பாட்டை விட்டுவிடுவதா? பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சினிமாவுக்கு எழுதினார். படம் முதலாளியுடையது, தட்டு கம்பெனியுடையது. 1959இல் 29 வயதிலேயே அவர் மறைந்தார். ஆனால் இன்றும் நடவு வயலிலும் ஆலை வாசலிலும் அவர் பாட்டு யாருடையது? நம்முடையது. காரணம், அதைப் பாட நமக்கு மேடை இருந்தது. அதுதான் வித்தியாசம். கிளாஷ் குழுவும் 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில், இனவெறி எதிர்ப்பு இயக்கத்தார் போட்ட மேடையில், பல்லாயிரம் பேர் முன்னால் பாடியது. அதே குழு, அதே கோபம். ஆனால் அன்று கேட்டவர்கள் ஊர்வலமாக நடந்து வந்தவர்கள்.

எனவே நாம் சொல்வது இது. மேடையை நாம் கொடுக்காவிட்டால் கம்பெனிக்காரன் கொடுப்பான். அவன் கொடுக்கும்போது முத்திரையையும் சேர்த்துக் குத்துவான். அரைமணி நேரம் கொடுப்போம். மைக்செட்காரருக்கும் பந்தல்காரருக்கும் கூலி கொடுக்கிற நாம் இவர்களுக்கும் கூலி கொடுப்போம். கேட்கவில்லை என்பதற்காக இலவசமாக வாங்கினால் நமக்கும் முதலாளிக்கும் என்ன வேறுபாடு? நோட்டீசில் அவர்கள் பெயரை அச்சிடுவோம். பாட்டைப் பதிவு செய்தால், அது பாடியவர்களுக்கே சொந்தம் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாட்டு எவ்வளவு உரக்க ஒலித்தாலும் கூலி ஒரு ரூபாய் தானாக ஏறாது. காலனிக்குப் பாதை தானாக விரியாது. பாட்டு கூட்டத்தைக் கூட்டும். கூடிய கூட்டத்தைச் சங்கமாக்குவது வேறு வேலை. பாடி முடித்ததும் கிதாரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். கூட்டம் முடியும் வரை உட்காருங்கள். எங்களிடம் குறை கண்டால் எழுந்து கேளுங்கள்.

தோழர்களே! அடுத்த கூட்டத்தில் இந்த விஷயம் மீண்டும் வருகிறது. இந்த முறை அந்தப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்!