காஸா, தண்ணியா? கணக்கைச் சொல்லுங்கள்!

எரிவாயுவில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பது கெமிக்கல் எஞ்சினியரிங் மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கிற சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தப்பு. சுத்தத் தப்பு!

2014 ஜூன் 27. ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம், நகரம் என்ற கிராமம். கெயில் குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்குப் போட்ட குழாயில் ஈர வாயு போனது, அதனால் அரித்தது என்றது விசாரணைக் குழு. வாயுவோடு வரும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் அமிலம். இரும்பு என்ன ஆகும்?

அது ஆந்திரா, நமக்கென்ன என்கிறீர்களா? 2021 பிப்ரவரியில் ராமநாதபுரம்-தூத்துக்குடி எரிவாயுக் குழாய் திறக்கப்பட்டது. 143 கிலோமீட்டர். வாயு போவது உர ஆலைக்கு. யூரியா மூட்டை வாங்கும் தாமிரபரணிப் பாசன விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். நீரின் ஆவி அழுத்தம் 40 டிகிரியில் 0.074 பார். 150 டிகிரியில் 4.76 பார். வாயு 70 பாரில் இருந்தால், வகுத்துப் பாருங்கள்: 40 டிகிரியில் 0.1 சதவீதம் நீராவி, 150 டிகிரியில் 6.8 சதவீதம்! சூடாக வரும் வாயு குளிர்ந்ததும் மிச்சமெல்லாம் தண்ணீராக இறங்கும். நன்னாரி சர்பத் கிளாஸ் வியர்க்கிற அதே கதைதான்.

இந்த வகுத்தலும் போதாது. அழுத்தம் ஏறினால் வாயு இதைவிட அதிக நீரைத் தாங்கும். அதனால்தான் 1955ல் புகாசெக் சமன்பாடு, 1958ல் மெக்கெட்டா-வீஹே வரைபடம் எல்லாம் வந்தன. கார்பன் டை ஆக்சைடு கூடினால் நீர் இன்னும் கூடும், கிணற்று நீரில் உப்பு இருந்தால் குறையும்.

"மீட்டர் வைத்து அளந்தால் போச்சு, கணக்கு எதுக்கு?" என்பார்கள். உலர்த்தும் கருவி எவ்வளவு பெரிசு வேண்டும் என்று அதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யணுமே! அமெரிக்கக் குழாய்களில் வழக்கமான வரம்பு கன மீட்டருக்குச் சுமார் 112 மில்லிகிராம். மேலே சொன்ன 40 டிகிரி வாயுவிலேயே அதைப்போல ஏழு மடங்கு இருக்கிறது. கணக்கைக் குறைத்துப் போட்டால் கருவி சின்னதாகும், செலவு மிச்சமாகும், பேலன்ஸ் ஷீட் அழகாக இருக்கும். துரு மட்டும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது!

கிளோசிங் ஸ்டாக் எண்ணாமல் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா? குழாய் போடுபவர்களும் மூன்று வரியைத் தமிழில் ஊர் பார்க்கச் சொல்லட்டும். எந்த வெப்பநிலைக்குக் கணக்கிட்டார்கள்? எந்த முறையில்? உலர்த்தியபின் மிச்சம் எவ்வளவு?

செலவைத் தள்ளிப்போடலாம். துரு காத்திருக்காது.