வேலை போனாலும் கூலி போகலாமா?

"போனால் போகிறது, விட்டுத் தள்ளு!"

பாக்கிச் சம்பளம் வராமல் ஒருவர் கலங்கி நிற்கும்போது, உற்றாரும் ஊராரும் சொல்லும் ஆறுதல் இது. கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடக் கெடுதலான யோசனை வேறு இல்லை.

படாளத்தைப் பாருங்கள். செங்கல்பட்டுக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டி வரும் ஊர். சுற்றிலும் நெல், கரும்பு. மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது இங்கேதான். பொழுது விடிந்தால் கூட்டு ரோட்டிலும் ரயில் நிலையத்திலும் சாப்பாட்டுப் பையோடு ஆட்கள் நிற்கிறார்கள். செங்கல்பட்டு, மகேந்திரா சிட்டி, மறைமலை நகர் என்று வேலைக்குப் போகிறவர்கள். சிலருக்குப் பெரிய தொழிற்சாலையில் வேலை. பலருக்கு அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டரிடம் வேலை. கட்டட வேலைக்குப் போகிறவர்களும், ஓட்டலுக்கும் கடைக்கும் போகிறவர்களும் உண்டு.

இவர்களைப் போன்ற ஒருவர் வேலையை விடுகிறார், அல்லது நிறுத்தப்படுகிறார். கடைசி மாதச் சம்பளம் நின்றுவிடுகிறது. போய்க் கேட்கிறார். "கணக்குப் பார்ப்பவர் லீவு" என்கிறார்கள். அடுத்த வாரம் போகிறார். "முதலாளி வெளியூர் போயிருக்கிறார்" என்கிறார்கள். மூன்றாம் முறை வாட்ச்மேன் உள்ளேயே விடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை நஷ்டம். நாலாவது முறை அவர் போவதில்லை.

அவர் அப்படி ஓய்ந்து போக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை அலைக்கழிப்பும்!

யார் யாருக்குக் கடன்?

சம்பளம் கேட்கப் போகிறவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். கொடுக்க வேண்டியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பதில் சொல்கிறார். இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?

கொஞ்சம் யோசித்தால் விஷயம் புரியும். மாதச் சம்பளக்காரர் முதல் தேதி முதல் கடைசித் தேதி வரை உழைக்கிறார். பணம் அதற்கு அடுத்த மாதம்தான் வருகிறது. அதாவது, ஒரு மாத உழைப்பை அவர் முதலாளிக்குக் கடனாகக் கொடுக்கிறார். வட்டி இல்லை, அடமானம் இல்லை, புரோநோட்டும் இல்லை. இத்தனை நம்பிக்கையோடு ஒரு மளிகைக் கடைக்காரர்கூட அவருக்குக் கடன் கொடுக்கமாட்டார்!

எனவே பாக்கிச் சம்பளம் தர்மம் அல்ல, கடன். கடன் கொடுத்தவர் கூசிக் குறுக வேண்டியது இல்லை.

இதே செங்கல்பட்டுச் சீமையில் ஒரு காலம் இருந்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லாத தாழ்த்தப்பட்ட மக்கள் பண்ணையாரிடம் பட்ட கடனுக்காகப் படியாட்களாகக் கட்டுண்டு கிடப்பதை அதில் எடுத்துச் சொன்னார். அந்த மக்களுக்கென்று நிலம் ஒதுக்க 1892-ல் சர்க்கார் முடிவு செய்ததற்கு அந்த அறிக்கை ஒரு காரணம்.

அன்று தொழிலாளி கடன்பட்டால் அவர் உடம்பே அடமானம் ஆயிற்று. இன்று முதலாளி தொழிலாளிக்குக் கடன்பட்டால் "நாளைக்கு வா" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. இது என்ன நியாயம்?

கேட்டதால் வந்த சட்டம்

சும்மா இருந்தவர்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடவில்லை. சென்னை பெரம்பூரில் பின்னி கம்பெனி ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிற்சங்கத்தை ஆரம்பித்தார்கள். வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். சில ஆண்டுகளில் கம்பெனி கோர்ட்டுக்குப் போய், சங்கத் தலைவர்களுக்குத் தடை வாங்கியது. சங்கம் வைத்துக் கேட்பதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதன்பிறகு ஓங்கியது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1936-ல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. சம்பளத்தைக் குறித்த நாளில் கொடுக்க வேண்டும், இஷ்டம்போல் அபராதம் பிடிக்கக் கூடாது என்று அது கட்டளையிட்டது.

அந்தச் சட்டம் இன்று இல்லை. அதன் இடத்தில், 2019-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது சொல்வதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்வது நல்லது.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், 2 வேலை நாட்களுக்குள் அவர் கணக்கைத் தீர்க்க வேண்டும். அவரே ராஜினாமா செய்தாலும் அதே 2 நாள்தான். "நீயாகத்தானே போனாய், அதனால் சம்பளம் கிடையாது" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

கொடுக்காவிட்டால், இதற்கென்று நியமிக்கப்படும் அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் அதற்கு 1 ஆண்டுதான் கெடு. இப்போது 3 ஆண்டு. தொழிலாளியே மனுக் கொடுக்கலாம். அவருடைய சங்கமும் கொடுக்கலாம். பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். அதிகாரி 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும். பாக்கியோடு நிற்காமல், அதைப்போல் 10 மடங்கு வரை நஷ்டஈடு விதிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அப்போதும் பணம் வராவிட்டால், கலெக்டர் அதை நிலவரி பாக்கியைப்போல் வசூலித்துத் தர வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. "வரவில்லை" என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியது இல்லை.

ஒரு ரூபாயின் கதை

"எனக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? காண்டிராக்டர்தானே ஆள்!" என்று பலர் நினைக்கிறார்கள். காண்டிராக்டர் போனை எடுக்காவிட்டால், எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காக ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் கட்டினார்கள். அங்கே உழைத்தவர்களுக்கு ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. இடையில் ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் தினம் 1 ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டார்கள். மக்கள் உரிமைச் சங்கம் ஒன்று சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தையே வழக்காக ஏற்றுக்கொண்டார்கள்!

அதே ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டம் தடுத்த கட்டாய உழைப்பே என்று கோர்ட்டு சொன்னது. வேலையைக் காண்டிராக்டரிடம் ஒப்படைத்துவிட்டதாலேயே, வேலைக்குச் சொந்தக்காரரான சர்க்கார் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது. இன்றைய சட்டமும், காண்டிராக்டர் கொடுக்காத கூலிக்கு அந்த நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு என்கிறது.

கேவலம் 1 ரூபாய் என்று அன்று விட்டிருந்தால், இந்தத் தீர்ப்பு கிடைத்திருக்குமா?

காகிதம் பேசும்

சட்டம் துணை நிற்கிறது. ஆனால் வேலை செய்ததற்கே அடையாளம் இல்லாமல் போனால், சட்டம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? "இந்த ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை" என்று கூசாமல் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் சேர்ந்த நாளிலிருந்தே எச்சரிக்கை வேண்டும். சம்பளச் சீட்டுக் கொடுப்பது முதலாளியின் கடமை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். அடையாள அட்டை, வருகைச் சீட்டு, பாங்கு புத்தகம், செல்போனில் வந்த செய்தி எல்லாமே சாட்சிதான். எதுவும் இல்லாதவர், எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வரலாம். எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும். அந்தப் படிப்பு வேறு எதற்கு?

விலகிய பிறகு வாய்ப்பேச்சில் நாளைக் கடத்தக் கூடாது. இத்தனை மாதம், இத்தனை ரூபாய் பாக்கி, இந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று அமைதியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

"நஷ்டம்" என்று சொன்னால்?

எல்லா முதலாளிகளும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது பாவம். மனைவியின் நகையை அடகு வைத்துச் சம்பளம் போடும் சிறு முதலாளிகளும் நாட்டில் உண்டு. தொழில் நொடித்துப்போய் உண்மையாகவே தவிப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் கணக்கைக் காட்டி, தவணை சொல்லி, எழுதிக் கொடுக்கட்டும். எந்தத் தொழிலாளியும் ஈவு இரக்கம் இல்லாதவர் அல்ல. ஆனால் நஷ்டம் என்ற ஒரு சொல்லைச் சொல்லி வாசலைச் சாத்துவது நேர்மை ஆகாது. லாபம் வந்த ஆண்டில் அதில் பங்கு கேட்க யாரும் வரவில்லையே! நஷ்டத்தில் மட்டும் தொழிலாளியைக் கூட்டாளி ஆக்கலாமா?

பீகாரில் சர்க்கார் நடத்திய நிறுவனங்களிலேயே பல ஆண்டுகள் சம்பளம் வராமல் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. உயிர்கள் போயின. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கையை விரித்துவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிவிட முடியாது என்று 2003-ல் கோர்ட்டு கூறியது. ஊழியர்களுக்குக் கொடுப்பதற்காக 50 கோடி ரூபாய் கட்டும்படி உத்தரவிட்டது. சர்க்காருக்கே அந்த நியாயம் என்றால், தனி முதலாளிக்கு வேறு நியாயம் உண்டா?

அதிகாரிகளுக்கும் ஒரு சொல். 3 மாதம் என்று ஏட்டில் எழுதியது, வாய்தா மேல் வாய்தாவாக 3 வருஷம் ஆகக் கூடாது. அன்றாடம் காய்ச்சிக்கு, தாமதமாக வரும் நியாயம் பாதி நியாயம்தான். அதிகாரியே தொழிலாளியை அலைய விட்டால், முதலாளியின் வாட்ச்மேனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான். அண்ணன் தம்பி பாகத்தில் விட்டுக்கொடுக்கலாம். அண்டை வீட்டு வேலித் தகராறில் விட்டுக்கொடுக்கலாம். உழைத்த கூலியை விட்டுக்கொடுப்பது தியாகம் ஆகாது. அது ஒருவருடைய பணம் மட்டும் அல்ல. அவருடைய பிள்ளைகளின் சோறு. அதோடு முடிவதும் இல்லை. ஒருவரிடம் ஏமாற்றிச் சுகம் கண்ட கை, அவர் இடத்துக்கு வரும் அடுத்தவரிடமும் அதே வேலையைக் காட்டும். அந்த அடுத்தவர் அதே ஊர்க்காரராக இருக்கலாம். அவருடைய தம்பியாகவே இருக்கலாம்.

ஆகையால், பாக்கி நிற்கும் வீட்டில் இனி "விட்டுத் தள்ளு" என்ற பேச்சு வேண்டாம். "சீட்டு எங்கே? தேதி என்ன? மனு எழுதியாயிற்றா?" என்று கேளுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கையில் கணக்கும் உள்ள பிள்ளையை யாராலும் ஏமாற்ற முடியாது!