வீட்டின் இரண்டாம் விலை

நுழையும்முன்

வீடு கட்டுவோர் பெரும்பாலும் கட்டி முடிக்கும் நாள்வரை ஆகும் செலவையே கணக்கிடுகின்றனர். குடிபுகுந்தபின் பல்லாண்டுகள் அவ்வீடு கேட்டுக்கொண்டே இருக்கும் செலவு எவருடைய கணக்கிலும் வருவதில்லை. கடலூர், சிதம்பரம் பகுதிகளை முன்வைத்து அச்செலவைப் பேசுகிறது இக்கட்டுரை.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கீற்றுக் கூரைகள் இருந்த இடம் தெரியாமல் போயின. அதன்பின் இம்மாவட்டத்து மக்கள் காங்கிரீட் தளத்தை விரும்பியதில் வியப்பில்லை. காற்றுக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு அத்தளம் தந்த உறுதி பெரிது. ஆனால், கீற்றின்கீழ் அவர்கள் அறியாத புழுக்கத்தையும் அது உடன் கொண்டுவந்தது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவில் அதை அறைக்குள் உமிழ்கிறது.

நம் மாவட்டம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ பதினொன்றரைப் பாகையில் அமைந்துள்ளது. எனவே சித்திரை, வைகாசி மாதங்களில் உச்சிப்பொழுதுக் கதிரவன் ஏறக்குறையத் தலைக்கு நேர்மேலே நிற்கிறான். வீட்டின் உறுப்புகளுள் மிகுதியான வெப்பத்தை ஏற்பது மேல்தளம். அதற்கடுத்தது, பிற்பகல் வெயிலை நேர்முகமாக வாங்கும் மேற்குச் சுவர். இவ்விரண்டையும் காக்காமல் விட்டுவிட்டு அறைக்குள் குளிர்ச்சியை விலைக்கு வாங்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதற்கு ஒப்பாகும்.

அந்த விலை எவ்வளவு? குளிரூட்டி ஒன்று ஓர் இரவுக்கு 8 அலகு மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். இரு மாதங்களில் அது 480 அலகு ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை மின் அளவு கணக்கிடப்படுகிறது. முதல் 100 அலகுக்குக் கட்டணமில்லை. அதற்குமேல் பயன்பாடு ஏற ஏற, அலகின் விலையும் ஏறும். 500 அலகைக் கடந்துவிட்டாலோ, கூடுதல் அலகுகளுக்கு மட்டுமன்றி, இடையிலுள்ள சில அலகுகளுக்குரிய சலுகைக் கட்டணமும் கைவிட்டுப் போகிறது. ஆகவே நாம் மிச்சப்படுத்தும் அலகு, படிக்கட்டின் உச்சியில் உள்ள விலையுயர்ந்த அலகு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். பழைய வகை மின்விசிறி 75 வாட் அளவில் மின்சாரம் கொள்ளும், பி.எல்.டி.சி. வகைக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்கு 15 மணிநேரம் ஓடினால், ஒரு விசிறியில் இரு மாதங்களுக்கு 40 அலகு மிஞ்சும். மூன்று விசிறிகளில் 120 அலகு. ஓர் அலகு 5 ரூபாய் என எளிமைக்காகக் கொண்டால் 600 ரூபாய். மூன்று விசிறிகளுக்கும் சேர்த்துக் கூடுதலாக 4,500 ரூபாய் கொடுத்திருந்தாலும், அத்தொகை பதினைந்து மாதங்களில் திரும்பிவிடும். வங்கியில் இட்ட எந்த வைப்புத்தொகையும் இவ்வளவு விரைவில் இரட்டிப்பதில்லை!

சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளை ஒட்டிய தெருக்களில் எஞ்சியுள்ள பழைய வீடுகளுள் ஒன்றனுள் நண்பகலில் நுழைந்து பாருங்கள். வெயிலைத் தெருவிலேயே நிறுத்தும் திண்ணை. சூடான காற்று மேலெழுந்து வெளியேற முற்றம். காற்றிடைவெளியுடன் அடுக்கிய நாட்டோடு. அடுத்தடுத்த வீடுகள் பக்கச் சுவர்களால் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால், வெயில் படும் சுவரே குறைவு. பழமை என்பதற்காக மட்டும் இவற்றைப் போற்றுதல் வேண்டா. ஓடு மாற்ற ஆள் வேண்டும், முற்றத்தில் சாரலடிக்கும். அவற்றின் உருவத்தை விடுத்து அறிவைக் கொள்வதே தக்கது. தளத்தின்மீது வெண்ணிறத் தட்டோடு பதிக்கலாம். அதற்கு இயலாதோர் கோடைக்கு முன் சுண்ணாம்பு பூசலாம். லாரி பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் சுவர் எழுப்பினால், செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். சுவரின் உள்ளே அமையும் வெற்றிடம் வெப்பத்தைத் தடுக்கும். கட்டும் செலவும் ஆளும் செலவும் ஒருங்கே குறையும் அரிய இடம் இது.

கூரைமேல் சூரியத் தகடு பொருத்துவதும் நன்றே. 2011இல் தொடங்கிய ‘சூரியசக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம்’, 300 சதுர அடி வீட்டுடன் சூரிய விளக்குகளையும் மழைநீர் சேகரிப்பையும் சேர்த்தே வழங்கியது. 2024இல் நடுவணரசு அறிவித்த திட்டத்தில் 3 கிலோவாட் தகடுகளுக்கு 78,000 ரூபாய்வரை மானியம் உண்டு. எனினும் வரிசை முக்கியம் என்பது என் கருத்து. முதலில் நிழல், அடுத்துச் சிக்கனமான கருவி, அதன்பின்பே தகடு. தேவையைக் குறைத்தபின் சிறிய தகடே போதுமானதாகிவிடும். புயல் வழியில் உள்ள நம் கடற்கரையில், தகட்டைத் தாங்கும் சட்டத்தின் உறுதிக்குச் செலவிடத் தயங்கலாகாது.

“கட்டணமே இல்லாத 100 அலகுக்குள் வாழ்வோருக்கு இதனால் என்ன இலாபம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்கு வரவு மின்கட்டணச் சீட்டில் தெரியாது. உறங்கி எழுந்த தொழிலாளி மறுநாள் வேலைக்குப் போவதிலும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை மேசையருகே அமர முடிவதிலும் அது தெரியும். வாடகைக் குடியிருப்போரின் நிலை வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாடகை வீடுகள் மிகுதி. அங்கே கட்டுபவர் ஒருவர். மின்கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். தளத்திற்கு வெள்ளையடிக்கும் செலவை ஏற்க உரிமையாளருக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. வீட்டு வரியில் ஒரு சிறு சலுகை தந்தால் இந்நிலை மாறலாம்.

2030ஆம் ஆண்டுக்குள் 8 இலட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் இப்போது நடைபெறுகிறது. ஒவ்வொன்றும் 360 சதுர அடி. அச்சிறு வீட்டிலும் சமையலறையையும் கழிவறையையும் மேற்கே தள்ளி, படுக்கும் இடத்தைக் கடற்காற்று வரும் கிழக்கே அமைக்கலாம்; எதிரெதிரே சன்னல் வைக்கலாம். கொத்தனார் நூல்பிடிக்கும் காலையிலேயே இது முடிவாகிவிடுகிறது. அந்த முடிவுக்குக் கூடுதலாக ஒரு காசும் ஆவதில்லை.