மணி அடங்கினால் பழுது தீர்ந்ததா?

இணையச் சேவை தடைபடும்போதெல்லாம் காப்பிக்கடை மேசைகளில் ஒரு கேள்வி எழும்: “இவ்வளவு பெரிய நிறுவனம், ஓர் அலாரம்கூடவா அடிக்கவில்லை?” நியாயமான கேள்விதான். ஆனால் கண்ணாடியிழைக் கட்டமைப்பில் அலாரத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு கம்பிவடம் அறுந்தால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் அலாரங்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழும். அவற்றில் எது பழுது, எது அதன் எதிரொலி என்று பிரித்தெடுப்பதில்தான் வேலையே இருக்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை நாம் கேட்கும் கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கும்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். சிங்கப்பூரின் தேக்காவில், பஃப்ளோ ரோட்டில் ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி இருக்கும். இழை வழியாக வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுவது அதன் வேலை. அதிலுள்ள விளக்குகளில் ஒன்றின் அருகே ‘எல்ஓஎஸ்’ என்று பொறித்திருக்கும். அது சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கடைக்காரர் பார்க்கும் அலாரம் அந்த ஒரு விளக்குதான்.

இதே சம்பவம் மறுமுனையில், தொலைத்தொடர்பு நிலையத்தில், எப்படித் தெரியும்? அந்தக் கடையின் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது என்று மட்டும் தெரியும். இழை அறுந்திருக்கலாம், அல்லது கடைக்காரர் இரவு கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அலாரம் என்றால், ஒவ்வோர் இரவும் ஊழியர்கள் வீணாக அலைய வேண்டியதுதான். அதற்காகவே ஓர் ஏற்பாடு உண்டு. மின்சாரம் நிற்கும் கணத்தில், பெட்டி தன்னுள் தேங்கியிருக்கும் சொற்ப மின்சாரத்தைக் கொண்டு ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். பொறியாளர்கள் இதை ‘டையிங் காஸ்ப்’, அதாவது கடைசி மூச்சு, என்பார்கள். கடைசி மூச்சை விட்டுவிட்டுப் பெட்டி அடங்கினால் மின்சாரம் போயிருக்கிறது. மூச்சுக்கூட விடாமல் அடங்கினால் இழையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு தடயமும் உண்டு. நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை, வழியில் ஒரு பிரிப்பானில் கிளை பிரிந்து பல வீடுகளுக்கும் கடைகளுக்கும் போகிறது. ஒரு கடை மட்டும் அடங்கினால் பழுது அந்தக் கிளையில். அக்கம்பக்கத்துக் கடைகளும் ஒரே நொடியில் அடங்கினால் பழுது பிரிப்பானிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. நம் வீட்டில் மட்டும் விளக்கு அணைந்தால் ஃபியூஸைப் பார்க்கிறோம். புளோக் முழுவதும் இருண்டால் ஃபியூஸ் பக்கம் போவதில்லை. அதே கணக்குதான் இதுவும்.

அடுத்தது, அலாரங்களைத் தரம் பிரிப்பது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1992இல் வெளியிட்ட எக்ஸ்.733 என்ற பரிந்துரை இதற்கொரு பொது மொழியைத் தந்தது. உயிர்நாடியைப் பாதிப்பது, பெரியது, சிறியது, முன்னெச்சரிக்கை என்று படிகள் வகுத்தது. பெரும்பாலான திரைகளில் இவை சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று தெரியும். முன்னெச்சரிக்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு: வந்து சேரும் ஒளி 3 டெசிபல் குறைந்தால் அது பாதியாகிவிட்டது என்று அர்த்தம். சேவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் புகார் செய்யமாட்டார்கள். இழையில் ஒளி செல்லும் உட்பகுதியின் அகலம் ஏறத்தாழ 9 மைக்ரான்தான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். எனவே இணைப்பு முனையில் ஒட்டிய ஒரு தூசியோ, அலமாரிக்குப் பின்னால் இழை மடங்கியதோ இந்தக் குறைவுக்குப் போதும்.

ஒரு பெரிய வடம் அறுந்தால் என்ன ஆகும்? வெட்டுக்கு அப்பால் இருக்கும் ஒவ்வொரு கருவியும் “எனக்கு ஒன்றும் வரவில்லை” என்று கூவத் தொடங்கும். இந்தக் கூச்சலைக் குறைக்க ஒரு மரபு உண்டு. ஒளி நின்றதை முதலில் கண்ட கருவி, தனக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு “நான் பார்த்துவிட்டேன், பழுது மேலே இருக்கிறது” என்று ஒரு குறிப்பு அனுப்பும். அனுப்புநர் பக்கமும் தகவல் சொல்லும். திரை முன் இருப்பவர் ஆற்றில் கலங்கலைப் பார்த்து மேட்டை நோக்கி நடப்பவரைப்போல, அலாரங்களில் மிக மேலே இருப்பதைத் தேடிப் போக வேண்டும். கணநேரத் தடுமாற்றத்துக்கெல்லாம் மணி அடிக்கக்கூடாது என்பதற்கும் விதி இருக்கிறது. சோனெட் என்ற அமெரிக்க ஒளியிழைத் தரநிலைப்படி, கோளாறு சுமார் 2.5 விநாடி நீடித்தால்தான் அலாரம். சரியான நிலை சுமார் 10 விநாடி நீடித்தால்தான் அது நீங்கும்.

இவ்வளவு கவனம் எதற்கு? மனிதக் கண்ணுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 1994 ஜூலையில் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்வதற்கு முந்தைய 11 நிமிடங்களில், பணியில் இருந்த இரண்டு இயக்குநர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. 1999இல் பிரிட்டனில் வெளியான அலாரம் வழிகாட்டி நூல், ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கும் குறைவான சராசரியே பெரும்பாலும் ஏற்கத்தக்கது என்றது. தொலைத்தொடர்பு அறைக்கும் இது பொருந்தும்.

இனி, அதிகம் குழப்பப்படும் இடத்துக்கு வருவோம். திரையில் ஒவ்வோர் அலாரத்துக்கும் இரண்டு வெவ்வேறு நிலைமாற்றங்கள் உண்டு. ‘ஏற்பு’ என்பதன் பொருள், “நான் பார்த்துவிட்டேன், என் பொறுப்பில் இருக்கிறது.” பொத்தானை அழுத்தினால் மணி அடங்கும், வரியின் மின்னல் நிற்கும். ‘நீக்கம்’ என்பது கருவியே சொல்ல வேண்டியது: “எனக்குச் சரியாகிவிட்டது.” முதலாவது மனிதரின் வாக்கு, இரண்டாவது இயந்திரத்தின் சாட்சியம். அலாரம் எழுந்ததிலிருந்து நீக்கம் வரை உள்ள காலம்தான் பழுதின் உண்மையான ஆயுள்; ஏற்போடு அது முடிவதில்லை. பராமரிப்பு வேலையின்போது அலாரங்களை மறைத்து வைப்பதும் உண்டு, அது தேவைதான். ஆனால் மறைப்புக்கு முடிவு நேரம் குறிக்காவிட்டால், வேலை முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகும் கண் மூடியே இருக்கும்.

ஏற்புக்கும் நீக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏன் முக்கியம்? பெரிய இணைப்புகளுக்கு இரண்டு பாதைகள் வைத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் சுமார் 50 மில்லிவிநாடிக்குள் மற்றொன்றுக்குத் தாவிவிடும். வாடிக்கையாளர் கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்போது முதல் பாதை செத்துக் கிடப்பதை அறிந்த ஒரே சாட்சி அந்த அலாரம் மட்டுமே. ‘ஏற்பு’ பெற்று, ஆரஞ்சு நிறத்தில், பட்டியலின் அடியில் அது வாரக்கணக்கில் தங்கிவிட்டால், கட்டமைப்பு ஒற்றைக் காலில் நிற்கிறது. பிறகொரு நாள் இரண்டாம் பாதையும் அறும்போது, “ஒரே நேரத்தில் இரண்டும் போய்விட்டன” என்று பேசிக்கொள்வோம். ஒரே நேரத்தில் போகவில்லை. ஒன்று ஏற்கெனவே போயிருந்தது.

அலாரத்தால் சொல்ல முடியாதவையும் உண்டு. 2013 அக்டோபர் 9ஆம் தேதி சிங்டெல் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் புக்கிட் பாஞ்சாங் நிலையத்தில், வடங்கள் செல்லும் அறையில் தீப்பிடித்தது. பராமரிப்பு வேலையில் அனுமதியின்றி நெருப்புக் கருவியைப் பயன்படுத்தியதே காரணம் என்று விசாரணை கண்டது. 149 கண்ணாடியிழைக் கம்பிவடங்கள் சேதமடைந்தன. சுமார் 270,000 சந்தாதாரர்கள் பாதிக்கப்பட்டனர். 2014 மே மாதம் சிங்டெல்லுக்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. திரையில் முதன்மைப் பாதையும் மாற்றுப் பாதையும் இரண்டு பச்சைக் கோடுகளாக ஓடலாம். அவை இரண்டும் ஒரே அறை வழியாகப் போகின்றனவா என்பதை எந்த அலாரமும் சொல்லாது. வரைபடத்தை வைத்துக்கொண்டு மனிதர்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2024 அக்டோபர் 8ஆம் தேதி சிங்டெல் தரைவழித் தொலைபேசிச் சேவை நான்கு மணி நேரத்துக்கும் மேலாகத் தடைபட்டபோது, 995, 999 அவசர எண்களை அழைப்பதிலும் சிக்கல் ஏற்பட்டது. மாற்று ஏற்பாடு இருந்தும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு 1 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மாற்று ஏற்பாடு என்பது குடையைப் போன்றது. மழை வருமுன் ஒருமுறை விரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, தடங்கல் நேரும்போது “அலாரம் அடித்ததா?” என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். ஏற்கப்பட்டும் நீங்காமல் இருக்கும் அலாரங்களில் மிகப் பழையது எத்தனை நாள் பழையது? மாற்றுப் பாதையைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? மறைத்து வைத்த அலாரங்களுக்கு முடிவு நேரம் உண்டா? தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமும் பெரிய வாடிக்கையாளர்களும் இந்த மூன்றையும் வழக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பது நம் கருத்து.

கடைக்காரருக்கும் இதில் பங்குண்டு. உதவி எண்ணை அழைக்கும்போது “நெட் இல்லை” என்று மட்டும் சொல்லாமல், எந்த விளக்கு எந்த நிறத்தில் மின்னுகிறது, பக்கத்துக் கடையிலும் இதே கதைதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். பிரிப்பானுக்கு முன்னாலா பின்னாலா என்று திரை முன் இருப்பவர் தேடிக்கொண்டிருக்கும் பதில் அதில் இருக்கும்.