முதலில் எர்த்தைப் பாருங்கள்

ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் செல்பவர்களில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிறவர்கள் மிகக் குறைவு. 2023 டிசம்பரில் ஓர் மழையிரவில் நானும் அவ்வாறே வேகத்தைக் குறைத்தேன். எனது காருக்குப் பின்னால் வந்த லொறி, ரயர்கள் கிறீச்சிட, காரின் பின்பக்கத்துக்கு ஒரு முழ இடைவெளியில் வந்து நின்றது. சாரதி இறங்கி வந்து என்னை ஏசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவற்றின் சாரம் இதுதான்: "பின்னுக்கு ஒரு லைற்றும் இல்லை. பிரேக் பிடிக்கிறதும் தெரியேல்லை. சாகப் போறியா?"

அவர் மீது பிழை சொல்ல எனக்கு வாயில்லை. பின் ஆசனத்தில் என் மனைவியும் அவளது வயதான தாயாரும் இருந்தனர். மிகுதி வழியை, கைவிளக்கொன்றைப் பின் கண்ணாடியில் பிடித்தபடி, பஸ் ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு கடந்தோம்.

அந்தக் கார் என் தந்தையார் விட்டுச்சென்ற 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அக்காரை இன்னும் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பாசம் ஒரு காரணம். மற்றது, 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதும், பழைய வாகனங்களின் விலையே எட்டாத உயரத்துக்குப் போனதும் எல்லோருக்கும் தெரிந்தவை. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியிற்றான். அந்த ஐந்து வருடங்களில் கொட்டில்களில் கிடந்த எத்தனையோ ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மறுபடி தெருவுக்கு வந்தன. வந்தவற்றில் பல, என்னுடையதைப் போல, புதிய பெயின்ற்றோடும் பழைய வயரோடும் வந்தன.

அந்த இரவுக்கு முந்திய கதையையும் சொல்ல வேண்டும். அவ்வருட நடுப்பகுதியில் கொழும்பில் ஓர் கராஜில் காருக்கு முழுமையாக ரிங்கரிங் செய்து பெயின்ற் அடித்தேன். இரண்டு மாதத்தில் பின் லைற்றுகள் விட்டு விட்டு எரிந்தன. கொண்டுபோனபோது மின்குமிழ்களை மாற்றினார்கள், எரிந்தது. மூன்று வாரத்தில் மீண்டும் போயிற்று. இம்முறை பஞ்சிகாவத்தையிலிருந்து லைற் கூடுகளையே வாங்குவித்து மாற்றினார்கள், எரிந்தது. மீண்டும் போயிற்று. மூன்றாம் முறை, "வயர் எல்லாம் உக்கிப் போச்சுது சேர்" என்று சொல்லி, பின்பக்க வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்து, என் அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள். எரிந்தது. அந்தப் புதிய வயரிங்கோடுதான் நான் முறிகண்டிக்கு வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம், எண்பதை நெருங்கும் ஒரு வயர்மன் இருக்கிறார். தொழிலை விட்டுப் பல வருடங்கள். என் தந்தையாரைத் தெரிந்தவர் என்பதால் காரைப் பார்க்க ஒப்புக்கொண்டார். ஒரு துணிப்பையோடு வந்தார். அதில் ஒரு பேனாக்கத்தி, ஒரு குறடு, கொஞ்சம் உப்புத்தாள், இரண்டு வயர்கள் பொருத்திய ஒரு சிறிய மின்குமிழ். அவ்வளவுதான்.

அவர் எதையும் கழற்றவில்லை. என்னை ஆசனத்தில் இருத்தி, மற்ற லைற்றுகள் யாவும் அணைந்திருக்க, பிரேக்கை மட்டும் மிதிக்கச் சொன்னார். பின்னர் காரின் முன்பக்கம் போய் நின்று சிரித்தார். "தம்பி, வந்து பாரும்" என்றார். அவர் ஒரு செங்கல்லைத் தூக்கிப் பிரேக் மிதியில் வைக்க, நான் இறங்கிப் பார்த்தேன். பின்னால் எரிய வேண்டிய பிரேக் லைற் எரியவில்லை. முன்னால் எரியக்கூடாத சிறிய பக்க லைற்றுகள் மின்மினி போல மங்கலாக எரிந்துகொண்டிருந்தன.

"காருக்கு ஒண்டும் இல்லை. எர்த் தான் இல்லை."

வாசகர்களில் பலருக்கு இது தெரிந்திருக்கலாம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டு மின்குமிழுக்கு இரண்டு வயர்கள் போகின்றன. காரில் பெரும்பாலும் ஒன்றே போகிறது. மின்சுற்றின் மறுபாதி காரின் இரும்பு உடல். லைற் கூடு உடலோடு நன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் சுற்று முழுமையாகும். அந்தத் தொடுகையைத்தான் எர்த் என்கிறோம். என் காரின் பின் மின்குமிழில் இரண்டு இழைகள்: ஒன்று இரவு லைற்றுக்கு, மற்றது பிரேக்குக்கு. இரண்டுக்கும் ஒரே எர்த். அது துண்டிக்கப்பட்டால், பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் போக வழியின்றி, இரவு லைற் இழைக்குள் புகுந்து, அதன் வயர் வழியே காரின் முன்பக்கம் ஓடி, அங்குள்ள பக்க லைற்றுகளினூடாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. வெள்ளத்துக்கு வாய்க்காலை அடைத்தால் அது அயல்வீட்டு வளவுக்குள் இறங்குவது போலத்தான். ஒரு பக்கச் சிக்னலைப் போட, வேறெந்த லைற்றோ கூடவே துடிக்கிறதென்றால், பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுவே.

பேனாக்கத்தியால் லைற் கூட்டின் அடியிலும் அது பொருந்தும் இடத்திலும் இருந்த பெயின்றைச் சுரண்டினார். மினுங்கும் இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். கொஞ்சம் வஸ்லின் பூசி, ஆணியை இறுக்கினார். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடம் கூட ஆகவில்லை. இன்றுவரை அந்த லைற்றுகள் ஒருமுறையேனும் என்னைக் கைவிடவில்லை.

அழகுக்காக அடித்த பெயின்ற்றே இவ்வளவுக்கும் காரணம். அதனிலும் விசித்திரம், ஒவ்வொரு முறையும் கராஜ்காரர் செய்த வேலை 'சரிவந்த' விதம். மின்குமிழை மாற்றுவதற்காகவும் கூட்டை மாற்றுவதற்காகவும் ஆணியைக் கழற்றிப் பூட்டியபோது, ஆணியின் புரி பெயின்றைக் கொஞ்சம் கீறி இரும்பைத் தொட்டது. லைற் எரிந்தது. நாலு குலுக்கலில், ஒரு மழையில், அந்தத் தொடுகை மீண்டும் அற்றுப்போனது. மருந்து கொடுத்ததும் காய்ச்சல் தணிந்தது. ஆனால் தணித்தது மருந்தல்ல. அவர்கள் என்னை ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தாங்கள் மாற்றிய பொருளே நோயைத் தீர்த்ததென்று அவர்களும் நம்பியிருக்கலாம். எனக்கு அதுதான் அதிக பயத்தைத் தருகிறது.

அந்தப் பெரியவர் இந்த வித்தையை எங்கே கற்றார் என்று கேட்டேன். 1990க்குப் பின் என்றார். குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் பொருளாதாரத் தடையில் அகப்பட்டிருந்த காலம். அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40களின் புகை மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மாற்றுவதற்கு மின்குமிழே இல்லாதபோது, மின்குமிழ் பழுதா என்று நிச்சயமாகத் தெரியாமல் எவரும் அதை எறியமாட்டார். ஒவ்வொரு பழுதையும் அதன் இடத்திலேயே பிடிக்கவேண்டிய கட்டாயம். தடைக்காலத்தைப் புகழ்வது என் நோக்கமல்ல. மருந்தின்றி மனிதர் மாண்ட காலம் அது. ஆயினும் அந்த நெருக்கடி கற்பித்த தேடும் பழக்கம், பொருட்கள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கராஜ்களை விட்டுப் போய்விட்டது என்பதை மறுப்பதற்கில்லை. இன்று 'பார்த்தல்' என்பதன் பொருள் 'மாற்றுதல்' என்றாகிவிட்டது.

எனவே பழைய கார் வைத்திருப்போருக்கு, அவர் எனக்குச் சொல்லித் தந்தவற்றில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன். லைற் மங்கினால் ஒரு நீண்ட வயரை எடுத்து, ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையிலும் மறுமுனையை லைற் கூட்டின் இரும்பிலும் தொடுங்கள். லைற் பிரகாசித்தால் பழுது எர்த்தில். மாறாவிட்டால், மின்சாரம் வரும் பக்கத்தைப் பாருங்கள். சோதனை மின்குமிழின் ஒரு வயரை நல்ல எர்த்தில் பிடித்துக்கொண்டு, மறுவயரால் பற்றறியிலிருந்து சுவிச், சுவிச்சிலிருந்து இணைப்பு, இணைப்பிலிருந்து லைற் என ஒவ்வோர் இடமாகத் தொட்டுச் செல்லவேண்டும். எங்கே எரிந்தது, எங்கே எரியவில்லை என்ற இரண்டு இடங்களுக்கு நடுவில் பழுது இருக்கிறது. மல்ரிமீற்றர் உள்ளவர்கள் லைற்றை எரியவிட்டு, பற்றறியின் எர்த் முனைக்கும் லைற் கூட்டுக்கும் இடையில் அளக்கலாம். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் சுரண்ட வேண்டியதுதான்.

அரை வோல்ற் என்ன பெரிய விடயமா என்று நானும் கேட்டேன். 45 வாற் ஹெட்லைற் இரண்டு எரியும்போது ஏறத்தாழ ஏழரை அம்பியர் ஓடுகிறது. வழியில் எங்கோ துருப்பிடித்த ஒரு தொடுகையில் ஒன்றரை வோல்ற் தொலைந்தால், மின்குமிழ் இழக்கும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். தொலைந்த சக்தி எங்கும் போய்விடுவதில்லை. அந்தத் தொடுகையிலேயே பதினொரு வாற் அளவில் சூடாகிறது. பழைய கார்களின் லைற் சுவிச்சும், காலால் மிதிக்கும் டிப் சுவிச்சும் கருகுவது இதனால்தான். மைனரில் டிப் சுவிச் சாரதியின் காலடியில், மழைநீரும் சேறும் சேரும் இடத்தில் இருக்கிறது. வடிவமைத்தவரை என்னவென்று சொல்வது!

வயரின் நிறங்களும் ஒரு மொழிதான். பிரித்தானியக் கார்களில் மண்ணிறம் பற்றறியிலிருந்து நேரே வருவது, வெள்ளை திறப்புச் சுவிச்சிலிருந்து வருவது, பச்சை அதே வழி பியூஸைத் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைற், சிவப்பு பக்க லைற்றும் பின் லைற்றும், கறுப்பு எர்த். இதைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். என் காரில் 'புதிதாக இழுத்த' வயர்கள் யாவும் ஒரே சிவப்பு. அடுத்த முறை பழுது தேடுபவர் என்னைச் சபிப்பார்.

பியூஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. இக்கார்களில் பெரும்பாலும் இரண்டே பியூஸ்கள். ஹெட்லைற்றுக்குப் பியூஸே இல்லை. பழைய லூக்காஸ் பியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர் மட்டுமே. இன்றைய பியூஸ்களில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. எண் பொருந்துகிறதே என்று 35 அம்பியர் புதியதைப் போட்டால், பியூஸுக்கு முன் வயர் எரியும். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுபவர்களைப் பற்றிப் பேச நான் விரும்பவில்லை.

எல்ஈடி மின்குமிழ் வாங்கத் துடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மைனர் போன்ற கார்கள் பற்றறியின் நேர்முனையை உடலோடு இணைத்தவை. இன்றைய கார்கள் மறுமுனையை இணைப்பவை. சாதாரண மின்குமிழுக்கு இது பொருட்டில்லை. எல்ஈடிக்கு முனை மாறினால் எரியாது. சிக்னலில் போட்டால் பழைய சூட்டுக்கம்பி பிளாஷர் துடிக்கவும் மறுக்கும்; அதற்கு வேண்டிய மின்சாரத்தை எல்ஈடி இழுப்பதில்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய கார்களைப் பொக்கிஷம் போல வைத்திருக்கும் நம்மவர்கள் சிலரை அறிவேன். பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு அங்கே செய்வதை, இங்கே பருத்தித்துறைக் கடற்காற்றுச் செய்கிறது. துரு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆட்சியாளரிடமும் ஒரு கேள்வி உண்டு. நமது நாட்டில் வருடாந்தம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. நல்லது. என் மொறிஸ் அதில் ஒழுங்காகச் சித்தியடைந்தது. அதே நிலையத்தில், அதே பத்து நிமிடத்தில், பிரேக்கை மிதித்துப் பின்னால் சிவப்பு எரிகிறதா என்று பார்க்க ஒருவருக்கும் கடமையில்லை. புகை மெதுவாகக் கொல்லும். முறிகண்டியில் அந்த லொறியின் பிரேக் அரை விநாடி பிந்தியிருந்தால், இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். நெடுநேரம் வற்புறுத்தியதன் பின், தேநீரும் இரண்டு பணிஸும் வாங்கித் தரச் சொன்னார். புறப்படும்போது தன் சோதனை மின்குமிழை என் கையில் வைத்து, "எனக்கினி கண் தெரியாது, நீர் வைத்திரும்" என்றார். அது இப்போது காரின் முன்தட்டில் கிடக்கிறது. நேற்றிரவு வலப்பக்க ஹெட்லைற் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. நாளை காலை வெயில் ஏறமுன் சுரண்டிப் பார்க்கவேண்டும்.