கலகத்துக்கும் ராஜ ரத்தமா?

2006இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான் நாம். சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறந்துவைக்கிற காட்சி ஒண்ணு போதும், சிம்புதேவனுக்குக் கை கொடுக்கலாம். வடிவேலுவைப் பற்றிச் சொல்லவே வேணாம்.

ஆனா ஒண்ணு உறுத்துது தோழர்களே. வாடுகிற குடிகளுக்காகக் கிளம்பும் உக்கிரபுத்தன் யார்? ராஜாவோட இரட்டைப் பிறவி. கொடுங்கோலனும் அரண்மனை வித்து, கலகக்காரனும் அரண்மனை வித்து. சனங்க பின்னால் நிற்கத்தான். காமெடியில்கூட சேரியிலிருந்து ஒருத்தன் முன்னால் வரக்கூடாதா?

கதை கிடைக்கலன்னு சொல்லாதீங்க. நம்ம கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தில் 1429ஆம் வருஷக் கல்வெட்டு இருக்கு. விஜயநகர ஆட்சி; தாங்க முடியாத வரி. வலங்கை 98, இடங்கை 98 என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒண்ணாக் கூடி முடிவெடுத்தார்கள்: கொடுமை செய்யும் ராஜாங்க அதிகாரிக்கும், கூட நின்று வரி வாங்கும் பிராமணருக்கும் காணியாளருக்கும் யாரும் இடம் கொடுக்கக்கூடாது, கணக்கு எழுதக்கூடாது, துரோகம் செய்கிறவனைக் குத்திப்போடு. கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் எந்த இளவரசனும் இல்லை.

பிற்காலப் பட்டியல்கள் பறையரை வலங்கையில் வைக்கின்றன. அப்படிச் சேர்ந்து நின்ற வலங்கையும் இடங்கையும்தான் பின்னால், கம்பெனிக்காரன் காலத்துச் சென்னையில், தெருவுக்காக அடித்துக்கொண்டன. இதைத் தெரிந்துகொண்டு அந்த மைதானக் காட்சியை இன்னொரு தரம் போட்டுப் பாருங்க. சிரிப்பு பாதியில் நின்றுபோகும்.

சிதம்பரத்தில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு விருத்தாசலம் ஒரு பஸ் தூரம்தான்.